முக்கோண மனைக்கு மூன்றாவது பக்கமும் உண்டு



இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் முக்கோணம் பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் மகளின் பரீட்சைத் தாளுக்காக, ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்காக, ஒருவர் 36 லட்ச ரூபாய்க்காக. ஆளாளுக்குத் தனித்தனியே போனில் சொல்வதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும். பெல் அடிக்கப் போவதில்லை, நிதானமாகப் படியுங்கள்.

முக்கோணத்துக்கு ஆறு பெயர் படித்திருப்பீர்கள். பக்கத்தை வைத்து சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம். கோணத்தை வைத்து குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம். 'பொருத்துக'வில் மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலருக்கு அந்த உறவு முடிந்துவிட்டது. ஆறு பெயர் என்றால் ஆறு வகை என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எந்த முக்கோணத்தை எடுத்தாலும் அதற்கு இரண்டு பெயர், நமக்கு இனிஷியலும் பெயரும் இருப்பதுபோல. ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டம் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டுமே செங்கோண முக்கோணம்தான். ஆனால் ஒன்றில் 45, 45, 90 பாகை. அது இருசமபக்கச் செங்கோண முக்கோணம். நீளமாக இருக்கும் இன்னொன்றில் 30, 60, 90; அது அசமபக்கச் செங்கோண முக்கோணம். கம்பெனிக்காரன் இரண்டு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாதிப் பேர் ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதை ஸ்கேலாகப் பயன்படுத்தினீர்கள் என்பது வேறு விஷயம்.

என் வகுப்பில் இதற்கு ஒன்பது பெட்டி போடச் சொல்வேன். மேலே பக்கப் பெயர் மூன்று, இடது பக்கம் கோணப் பெயர் மூன்று. தென்னை ஈர்க்கும், துண்டு துண்டாக நறுக்கிய சைக்கிள் வால்வு டியூபும் கையில் கொடுத்துவிடுவேன். ஈர்க்கை ஒடித்து, மூலைக்கு மூலை டியூபில் செருகி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முக்கோணம் செய்து வைக்க வேண்டும். விரிகோண இருசமபக்கத்துக்கு ஓட்டுவீட்டின் முகப்பைப் பார்த்துச் செய்வார்கள். இருசமபக்கச் செங்கோணத்துக்குக் கைக்குட்டையை மூலைக்கு மூலை மடித்துப் பார்ப்பார்கள். ஏழு பெட்டி நிரம்பிவிடும். சமபக்கச் செங்கோணம், சமபக்க விரிகோணம் என்ற இரண்டு மட்டும் கடைசி வரை காலி. ஈர்க்கு தீர்ந்து, பக்கத்து பெஞ்சில் கடன் வாங்கி, சண்டை வந்து, அப்போதும் காலி. மூன்று பக்கமும் சமம் என்றால் மூன்று கோணமும் சமம், மொத்தம் 180 பாகை, ஆளுக்கு 60. அதில் 90-க்கு எங்கே இடம்? இதை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஈர்க்கோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அது மறக்கவில்லை.

ஒரு வருடம் ஒரு பெண் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சார், சின்னதா செய்யறதாலதான் வரல. ரொம்பப் பெருசா செஞ்சா வரும்" என்றாள். வகுப்பே சிரித்தது. கொடிக்கம்பத்துக் கயிற்றை வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய் மூன்று பேரை நிறுத்தி அளந்தாள். அங்கேயும் 60 பாகைதான் வந்தது. மறுநாள் நான் சமூக அறிவியல் அறையிலிருந்து உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வட துருவத்தில் விரலை வைத்து, 0 பாகை தீர்க்கக்கோட்டில் நேராகப் பூமத்திய ரேகைவரை இறங்கச் சொன்னேன். அங்கே திரும்பி, பூமத்திய ரேகை வழியாகவே 90 பாகை கிழக்குவரை. மறுபடி திரும்பி நேரே துருவத்துக்கு. மூன்று பக்கமும் ஒரே நீளம், மூன்று மூலையும் செங்கோணம். காலியாக இருந்த பெட்டி நிரம்பிவிட்டது! தட்டையான தாளில்தான் அது வராது. பூமி அளவுக்குப் பெரிதாகப் போட்டால் அந்தப் பெண் சொன்னபடி வரும். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே.

சரி, பரீட்சைத் தாளுக்கு வருகிறேன். உறவில் ஒரு பேத்தி, ஆறாம் வகுப்பு. சமபக்க முக்கோணம் இருசமபக்க முக்கோணமும் ஆகுமா என்று கேள்வி. 'ஆகும்' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் இதே பேச்சு. ஒரு சித்தப்பா கூகுள் பார்த்து ஒன்று சொல்ல, ஒரு அத்தை பழைய நோட்ஸ் பார்த்து வேறொன்று சொல்ல, கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம் வந்தது.

இரண்டுக்குமே முகாந்திரம் உண்டு. யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் முதல் பகுதியில் இருசமபக்க முக்கோணத்தை 'இரண்டு பக்கங்கள் மட்டும்' சமமாக உள்ளது என்றுதான் வரையறுத்தார். அந்தக் கணக்குப்படி சமபக்கம் தனிச்சாதி. இன்றைய கணிதத்தில் 'குறைந்தது இரண்டு பக்கங்கள் சமம்' என்பதே வழக்கம். அதன்படி சமபக்க முக்கோணமும் இருசமபக்க முக்கோணம்தான். உங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டால், மூன்று வைத்திருப்பவர் இல்லை என்றா சொல்வார்? இந்த 'குறைந்தது' என்ற ஒரு சொல்லால் பெரிய லாபம் உண்டு. இருசமபக்க முக்கோணத்தில் சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்று ஒருமுறை நிரூபித்துவிட்டால், சமபக்கத்துக்குத் தனியாக உழைக்க வேண்டாம். அதே நிரூபணத்தை இரண்டு முறை திருப்பிப் பிடித்தால் மூன்று கோணமும் சமம் என்று வந்துவிடும். ஆகவே பிள்ளை எழுதியது சரி. அவள் அப்பாவிடம், "பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போடாதே. பிள்ளையையே டீச்சரிடம் போய் 'ஏன் மிஸ்?' என்று கேட்கச் சொல்" என்றேன். போனாளா, என்ன பதில் வந்தது என்று இன்னும் எனக்குத் தகவல் இல்லை. அரை மதிப்பெண்ணுக்கு இவ்வளவுதான்.

அடுத்தது அஸ்திவாரம். கேட்டவர் வீடு கட்டுகிறார், நம் பழைய மாணவர். வேலைக்கு வந்த கொத்தனாரும் நம் பழைய மாணவர்தான். கணக்கில் 35 எடுக்க என்ன பாடு பட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மூலைமட்டம் பார்க்க அவர் நூல் பிடித்து, ஒரு பக்கம் 3 அடியில் ஒரு ஆணி, மறுபக்கம் 4 அடியில் ஒரு ஆணி, இரண்டுக்கும் நடுவே டேப்பை வைத்தால் 5 அடி இருக்க வேண்டும் என்கிறாராம். "அது சரிதானா சார்? இன்ஜினியரைக் கூப்பிடணுமா?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். சரிதானப்பா. மூன்றும் மூன்றும் பெருக்கினால் 9, நாலும் நாலும் 16, கூட்டினால் 25, அது ஐயைந்து. பிதாகரஸ் என்று கரும்பலகையில் நான் எழுதியது அவருக்கு ஏறவில்லை. மண்ணில் ஆணி அடித்தபோது ஏறிவிட்டது. ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லியனுப்பினேன். 3, 4, 5 அடிக்குப் பதில் 6, 8, 10 அடி பிடித்தால் பிசகு குறையும்.

அந்தக் கொத்தனார் சொன்ன ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். டேப் 5 அடிக்கு மேலே காட்டினால் "மூலை விரிஞ்சிருக்கு" என்கிறார், குறைவாகக் காட்டினால் "குறுகிருக்கு" என்கிறார். விரிகோணம், குறுங்கோணம்! பாகைமானியே வேண்டாம். மூன்று பக்கத்தின் நீளம் தெரிந்தால் போதும், கோணப் பெயரைச் சொல்லிவிடலாம். மிக நீளமான பக்கத்தை எடுத்து வர்க்கம் பாருங்கள். மற்ற இரண்டின் வர்க்கங்களையும் கூட்டுங்கள். சமமாக இருந்தால் செங்கோணம். நீளப் பக்கத்தின் வர்க்கம் அதிகமானால் விரிகோணம். குறைவானால் குறுங்கோணம். வகுப்பில் இதைச் சொன்னபோது 'இது எதுக்கு சார்?' என்ற கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வந்திருக்கும். அதற்கான பதில்தான் இனி வருகிறது.

என் தங்கை மகன் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு மனை பார்த்தான். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் தெரு, பின்னால் சாய்வாக வாய்க்கால். முக்கோணமாக இருப்பதால் வாஸ்து பார்க்கிறவர்கள் வர மாட்டார்கள், அதனால் சதுர அடி 1500 ரூபாய்க்கு மலிவாகக் கிடைக்கிறது என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். வாஸ்துவை நான் விட்டுவிடுகிறேன். "ரோட்டுப் பக்கம் 80 அடி, தெருப் பக்கம் 60 அடி. எண்பது அறுபது நாலாயிரத்து எண்ணூறு, முக்கோணம்கிறதால பாதி, 2400. கச்சிதமா ஒரு கிரவுண்டு சார்!" என்று கையில் கால்குலேட்டரோடு காட்டியிருக்கிறார். 36 லட்சம். மறுநாள் அட்வான்ஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன். "மாமா, ஒரு கிரவுண்டு அமைஞ்சிருக்கு. நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க."

நாள் பார்க்க நான் ஜோசியன் இல்லை. "வாய்க்கால் பக்கம் எத்தனை அடி?" என்று கேட்டேன்.

"அதை யாரும் சொல்லலையே மாமா. பரப்பளவுக்கு ரெண்டு பக்கம் போதும்தானே?"

"காலையில் டேப்போடு போய் அளந்துவிட்டு, அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடு."

வாய்க்கால் பக்கம் 120 அடி.

எண்பதின் வர்க்கம் 6400, அறுபதின் வர்க்கம் 3600, கூட்டினால் 10,000. அந்த மூலை செங்கோணமாக இருந்தால் வாய்க்கால் பக்கம் 100 அடிதான் இருக்க வேண்டும். இருப்பதோ 120; அதன் வர்க்கம் 14,400. விரிகோண முக்கோணம். ரோடும் தெருவும் சந்திக்கும் மூலை ஏறக்குறைய 117 பாகைக்கு விரிந்து கிடக்கிறது. இரண்டு பக்கத்தைப் பெருக்கிப் பாதி எடுக்கும் கணக்கு செங்கோண முக்கோணத்துக்கு மட்டும் உரியது. அடிப்பக்கம், உயரம் என்று படித்தீர்களே, செங்கோணம் இருந்தால் ஒரு பக்கம் அடியாகவும் மற்றது உயரமாகவும் தானாக அமைந்துவிடுகிறது. மற்றபடி அந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சாய்ந்து கிடப்பதை உயரம் என்று எப்படிக் கணக்கில் எடுப்பது?

பக்கங்கள் மட்டும் தெரிந்தால் ஹெரான் சூத்திரம் இருக்கிறது. மூன்றையும் கூட்டிப் பாதி எடுத்தால் 130. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 70, 50, 10. 130, 70, 50, 10 நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2133 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கு 267 சதுர அடி குறைவு. ரூபாயில் நாலு லட்சம்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கவராயத்தின் இரண்டு காலையும் விரித்துப் பாருங்கள். முழுக்க மூடினால் நடுவே இடமில்லை. முழுக்க விரித்து நேர்க்கோடாக்கினாலும் இடமில்லை. நடுவில் எந்த நிலையில் அதிக இடம் அடைபடும்? சரியாகச் செங்கோணத்தில். மூலை விரிந்தாலும் பரப்பு குறையும், குறுகினாலும் குறையும். ஆகவே 'பெருக்கிப் பாதி' கணக்கு, செங்கோணம் தவிர எந்த முக்கோணத்துக்கும் உள்ளதைவிட அதிகமாகத்தான் காட்டும். தவறியும் குறைத்துக் காட்டாது. அது எப்போதும் விற்பவர் பக்கமே சாயும் தராசு. நாலு பக்க மனையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குகிறார்களே, அதுவும் இதே சாதிதான். நாலு மூலையும் செங்கோணமாக இல்லாவிட்டால் கூடுதலாகவே காட்டும். கி.பி. 628-இல் எழுதிய நூலிலேயே பிரம்மகுப்தர் அந்தக் கணக்கைத் தோராயம் என்று தனியே பிரித்து வைத்து, நுட்பமான பரப்புக்கு வேறு விதி கொடுத்திருக்கிறார். புரோக்கர்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

புரோக்கரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் ஆறாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்தை யாரோ பாதியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் அதைவிடச் சிக்கலாகப் போனது. விற்பவர் கணவரை இழந்த ஒரு அம்மாள். பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதிலும் 2400 சதுர அடி. அவர் கணவர் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. இல்லாத 267 சதுர அடிக்கு அந்த மனிதரும் அன்றைக்கே பணம் கொடுத்திருக்கிறார். "என் வீட்டுக்காரர் ஏமாந்தாருன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். தங்கை மகன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சூத்திரம் எதிலும் அதற்குப் பதில் இல்லை.

முதலில் அளவை உறுதி செய்வோம் என்று சர்வேயராக இருக்கும் நம் மாணவர் ஒருவரை வரவழைத்தோம். புலப்படத்தைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்திருப்பீர்கள், வயலின் குறுக்கே கோடுகள் ஓடும், அந்தக் கோடுகளிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்தாகக் குட்டிக் கோடுகள் நிற்கும். எப்படிக் கோணல் நிலமாக இருந்தாலும் முக்கோணமாக வெட்டி, செங்குத்துப் போட்டுச் செங்கோணத்துக்குக் கொண்டுவந்தால்தான் பரப்பு பிடிபடும். இங்கேயும் அவர் அதையே செய்தார். 120 அடி வாய்க்கால் கோட்டை அடிப்பக்கமாக வைத்து, ரோட்டு மூலையிலிருந்து அதற்குச் செங்குத்து அளந்தார். முப்பத்தைந்தரை அடி. 120-ஐ அதனால் பெருக்கிப் பாதி எடுத்தால் 2130. என் கணக்கோடு மூன்று அடி வித்தியாசம், அவ்வளவே. நீங்களும் இதை நினைவில் வையுங்கள்: விரிகோண மனையில் சிறிய பக்கத்தை அடியாக வைத்தால் செங்குத்து மனைக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரர் இடத்தில் போய் விழும். நீளமான பக்கத்தை அடியாக வைத்தால் உள்ளேயே விழும்.

அவர் டேப்பை இரண்டு முறை பிடிக்கச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. இந்த முக்கோணம் ஒல்லி. 120 அடியை 119 என்று ஒரு அடி பிசகி எழுதினால் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி மாறிவிடும். அதாவது 45,000 ரூபாய். சர்வேயில் 30 பாகைக்குக் குறைந்த கோணம் வராமல் பார்த்துக்கொள்வார்கள், கூர்மையான மூலையில் சின்னப் பிசகு பெரிதாகிவிடும் என்பதால். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கப் புறப்பட்டாரே, குன்றுகளையும் கோபுரங்களையும் அவர் தேடித் தேடி ஏறியதில், தொலைதூரம் தெரிய வேண்டும் என்பதோடு நல்ல வடிவமான முக்கோணம் அமைய வேண்டும் என்பதும் உண்டு. சர்வேயர் தம்பி இதைச் சொன்னபோது, அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இடம் அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார்.

2133 சதுர அடிக்கு ஏறக்குறைய 32 லட்சம். பத்திரப்படி 36. தங்கை மகனும் அந்த அம்மாளும் பேசி 34 லட்சத்தில் முடித்தார்கள். பத்திரத்தில் மூன்று பக்க அளவும் எழுதி, 2133 என்றே பரப்பும் எழுதினார்கள். "ரெண்டு லட்சம் விட்டுட்டியே" என்று என் தங்கைக்கு மனக்குறை. விட்டது அவனா, அந்த அம்மாளா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. இனி அந்த மனை யார் கைக்கு மாறினாலும் இல்லாத நிலத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

போவதற்கு முன் வீட்டுப்பாடம். ஒருவர் உங்களிடம் 50 அடி, 70 அடி, 120 அடி பக்கமுள்ள முக்கோண மனையை விற்க வருகிறார். பெருக்கிப் பாதி எடுத்து 1750 சதுர அடி என்கிறார். பக்கத்தை வைத்தும் கோணத்தை வைத்தும் அது என்ன முக்கோணம், பரப்பு எவ்வளவு என்று கமெண்டில் எழுதுங்கள். பேனாவை எடுப்பதற்கு முன் மூன்று ஈர்க்கை ஒடித்துச் சேர்த்துப் பாருங்கள். கடைசி பெஞ்ச்காரர்களுக்கு முன்னுரிமை. இன்ஜினியர்கள் நாளைக் காலைவரை வாய் திறக்கக் கூடாது.